கணுக்காலில் எண்ணெய்

"ஒரு சோடி கையுறை கேட்டா முதலாளி உங்களைக் கடலுக்கையோ தள்ளிப்போடுவார்?" என்று கீர்த்தனி கேட்டது இன்றைக்கும் இராகுலனின் காதுக்குள் இருந்தது. கலியாணம் முடித்த புதிது. படகு கட்டும் யாட்டிலிருந்து வந்து, குளித்து, தலை துவட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார, அவள் தோளில் சாய்ந்தாள். சாய்ந்த வேகத்திலேயே கன்னத்தைச் சொறிந்துகொண்டு எழும்பினாள்.

"என்னப்பா?"

"கடிக்குது. எறும்புப் புத்தைக் கலியாணம் முடிச்ச மாதிரிக் கிடக்கு."

"பைபர் தூள். குளிச்சாலும் போகாது. கண்ணாடி தானே, தோலுக்குள்ள குத்திக்கொண்டு நிக்கும்."

"அப்ப அங்க மற்ற ஆக்கள் என்ன செய்யிறவை?"

"எண்ணெய் பூசுவம். வேலை துவங்க முதல் கைக்கும் காலுக்கும் கழுத்துக்கும் தடிப்பாப் பூசிவிட்டா, தூள் எண்ணெயிலயே ஒட்டிக்கொண்டு நிண்டிடும். எங்கட யாட்டில அதுதான் வழமை."

"ஏன், கையுறை ஒண்டும் தரமாட்டினமோ?"

"நஸ்ரி எண்டு ஒருத்தன் கேட்டவன்."

"கேட்டு?"

"இப்ப கிண்ணியாவில ஓட்டோ ஓடுறான்."

அவள் சிரித்தாள். பிறகு அவன் சிரிக்கவில்லை என்று கண்டு நிறுத்திக்கொண்டாள். "ஒருநாளைக்கு நீங்கள் கேளுங்கோ. எனக்காகவெண்டாலும் கேளுங்கோ."

"கேக்கிறன்."

மறுநாள் காலையிலிருந்து எண்ணெயை அவளே பூசிவிடத் தொடங்கினாள். தேங்காயெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி, விரலிடுக்குகளிலிருந்து முழங்கை வரைக்கும், பிறகு குனிந்து முழங்காலிலிருந்து கணுக்கால் வரைக்கும் தேய்ப்பாள். "கேக்கிறன்" என்று அவன் சொன்ன சொல்லை நினைவுபடுத்துவதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள். மகள் பிறந்த பிறகு ஒரே ஒரு வழக்கம் கூடியது. வேலையால் வந்தால் அவன் கீர்த்தனியின் பழைய சேலையொன்றை நெஞ்சில் போர்த்திக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில், சனசமூக நிலையத்து மண்டபத்துக்கு வெளியே, மர வாங்கில் உட்கார்ந்து அவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கீர்த்தனியின் மடியில் ஒரு பிளாஸ்ரிக் பை இருந்தது. அதன் வாயைக் கையால் முறுக்கிப் பிடித்திருந்தாள். கடற்பக்கமிருந்து காற்றே இல்லை. துறைமுகத்துக்குள் எங்கோ ஒரு கப்பல் நீளமாக ஊதிவிட்டு ஓய்ந்தது. மண்டபத்துக் கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து கதிரைகள் இழுபடும் சத்தம் வந்தது.

அணித்தலைவன் சரீப் மட்டும் இருக்க மாட்டாமல் முற்றத்தில் மேலும் கீழும் நடந்தான். "மச்சான், நீ ஒண்டுக்கும் யோசியாத. நடந்ததை நடந்த மாதிரிச் சொல்லு. எண்ணெய் என்னத்துக்கு எண்டு இந்தத் துறைமுகத்தில ஆருக்குத் தெரியாது?"

"உள்ள இருக்கிறவைக்குத் தெரியாமல் போனாலும் போகும்," என்றான் இராகுலன். சொல்லும்போதே இருமல் வந்தது. கீர்த்தனி அவன் முதுகில் கையை வைத்தாள். இருமல் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

நடந்தது இதுதான். மாவட்டக் கபடிச் சங்கத்தின் போட்டியில் அரையிறுதி. இராகுலனின் ஊரான சல்லியின் கழகத்துக்கும் நகரத்துக் கழகத்துக்கும் ஆட்டம். பாடிப் போவதில் இராகுலனைப் போல் ஒருவன் அந்த மாவட்டத்தில் இல்லை என்று எதிரணிக்காரரே சொல்வார்கள். கொழும்பில் ஒரு கம்பனி தன் கபடி அணிக்கு ஆள் எடுக்கப் போவதாகவும், எடுபட்டால் அவர்களின் பண்டகசாலையிலேயே நிரந்தர வேலை என்றும் கதை வந்திருந்தது. சங்கம் சிபாரிசு செய்ய வேண்டும், தடை எதுவும் இருக்கக் கூடாது. கீர்த்தனி அதைக் கேட்ட அன்றைக்கு, "பண்டகசாலையில தூள் இருக்காதுதானே?" என்று மட்டும்தான் கேட்டாள்.

ஆட்டத்தன்று அரைநாளோடு போகவிடும்படி முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தான். இராசதுரை முதலாளியும் தலையாட்டியிருந்தார். ஆனால் மத்தியானம் நெருங்க அவரே கொட்டிலுக்குள் வந்து, "இந்த அச்சுக்கு இன்னொரு படை போட்டிட்டுப் போ. நாளைக்கு நிலாவெளி ஆக்கள் படகு பாக்க வருகினம்," என்றார். ரெசின் பசையையும் அதை இறுக்கும் மருந்தையும் கலந்தாகிவிட்டது. கலந்த ரெசின் ஆருக்காகவும் காத்திராது. வாளிக்குள்ளேயே சூடாகிக் கல்லாகிவிடும். இராகுலன் படகின் அச்சுக்குள் இறங்கி, கண்ணாடி நார்ப் பாயை விரித்து, தூரிகையால் ரெசினை ஊட்டி ஊட்டி, உருளையால் காற்றை விரட்டி முடிக்கையில் வெயில் சாய்ந்துவிட்டது. யாட்டுத் தொட்டியில் தண்ணீர் இல்லை. கரையில் இறங்கிக் கடல் தண்ணீரில் சவுக்காரம் போட்டுக் கழுவினான். உப்புத் தண்ணீரில் சவுக்காரம் நுரைக்காது. கையைத் திரும்பத் திரும்பத் தேய்த்தான். கால்களை அவசரத்தில் அலசியதோடு சரி. சரீப்பின் மோட்டார் சைக்கிளில் ஏறி மைதானத்துக்குப் போனபோது மற்றவர்கள் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். மத்தியஸ்தர் அவன் நகங்களை மட்டும் பார்த்தார். "சரி, இறங்கு," என்றார்.

கடைசியாகப் பாடிப் போனபோது மூன்று பேர் அவனைச் சுற்றிக்கொண்டார்கள். ஒருவன் பாய்ந்து கணுக்காலை இறுக்கிப் பிடித்தான். அந்தப் பிடியிலிருந்து ஒருவரும் தப்பியதில்லை. கால் நழுவி வந்தது. இராகுலன் நடுக்கோட்டைத் தொட்டு விழுந்தான். சல்லிக்காரர் அவனைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். கீழே, பிடித்தவன் தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

நகரத்துக் கழகம் கொடுத்த முறைப்பாட்டின் பேரில்தான் இன்றைக்கு விசாரணை. மண்டபத்துக் கதவு திறக்கும் முன் இராசதுரை முதலாளியின் வான் வந்து நின்றது. வேட்டியும் வெள்ளைச் சட்டையும். சங்கத் தலைவர் அவர்தான். விசாரணைக் குழுவுக்கும் அவர்தான் தலைமை. இறங்கியதும் இராகுலனைக் கண்டு, ஏதோ கோயிலில் கண்டதுபோல் சிரித்தார்.

"தம்பி, இஞ்ச வா ஒருக்கா."

இராகுலன் எழும்பிப் போனான். முதலாளி அவன் தோளில் கை வைத்து வானின் மறுபக்கத்துக்குக் கூட்டிப் போனார்.

"மகள் நடக்கத் துவங்கிட்டாளோ?"

"ஓம் முதலாளி. பிடிச்சுப் பிடிச்சு நடக்கிறாள்."

"நல்லது. நல்லது." அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நான் சொல்லுறதைக் கேள். உள்ளை வந்து, வெல்ல வேணும் எண்ட ஆசையில பூசிப்போட்டன், மன்னிக்க வேணும் எண்டு சொல்லு. ஒரு பருவத் தடையோட முடிச்சுவிடுறன். நாளைக்கு வழமை போல வேலைக்கு வா. யாட்டுக் கதையை மட்டும் அந்த மேசைக்குக் கொண்டு வராதை. இது விளையாட்டு விசாரணை."

"தடை விழுந்தா கொழும்புக்காரர் எடுக்கமாட்டினம், முதலாளி."

"கொழும்பு எங்கயடா ஓடப்போகுது?"

"அண்டைக்கு என்னைப் போகவிடாமல் வச்சிருந்தது நீங்கள்தானே."

"நானோ?" முதலாளி உண்மையிலேயே வியப்படைந்தவர்போல் பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "கலந்த ரெசினல்லோ வச்சிருந்தது. கொட்டிலுக்குள்ள எத்தினை பேர் இருக்கிறாங்கள் எண்டு யோசி. ஒருத்தன் வாய் திறந்தா மற்றவன்ர அடுப்பும்தான் நூரும். நஸ்ரி போன பிறகு அவன்ர தம்பியையும் நான் நிப்பாட்ட வேண்டி வந்தது, தெரியும்தானே?"

தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டு அவர் உள்ளே போனார். அவர் கை இருந்த இடத்தில் சட்டை ஈரமாக ஒட்டியிருந்தது.

திரும்பி வந்தவனின் முகத்தைக் கீர்த்தனி பார்த்தாள். "என்ன சொன்னவர்?"

"மகளைக் கேட்டவர்," என்றான்.

மண்டபத்துக்குள் நீண்ட மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் முதலாளி. வலப்பக்கம் சங்கச் செயலாளர், ஓய்வுபெற்ற உடற்கல்வி மாஸ்டர். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போடுகிறவர். இடப்பக்கம் இருந்தவரைக் கண்டதும் சரீப் வாசலிலேயே நின்றுவிட்டான். அன்றைக்கு நகத்தை மட்டும் பார்த்துவிட்டு இறங்கச் சொன்ன அதே மத்தியஸ்தர். மேசையின் மேல், ஆட்டத்தன்று இராகுலனின் பையிலிருந்து எடுத்த சோடாப் போத்தல் இருந்தது. அதில் கால்வாசி தேங்காயெண்ணெய்.

"சேர், ஒரு கதை," என்றான் சரீப். "விளையாட முதல் உடம்பைப் பரிசோதிக்க வேண்டியவர் அவர். அவர்ட வேலையில பிழை இருந்தா அதை ஆர் விசாரிக்கிறது? அவரே விசாரிக்கிறதோ?"

"தம்பி, உங்களைக் கூப்பிடேல்லை," என்றார் மத்தியஸ்தர்.

"பிறகு, மற்றக் கழகத்தின்ர சட்டையில நெஞ்சுக்கு நேர கிடக்கிறது ஆற்ற யாட்டின்ர பேர்? வாசிக்கத் தெரியாத ஆளுக்கும் தெரியுமே."

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். முதலாளி கோபப்படவில்லை. "சட்டை குடுக்கிறது தர்மம், தம்பி. உங்கட கழகம் கேட்டிருந்தா உங்களுக்கும் தந்திருப்பன். விளையாட்டு வீரரை மட்டும் விட்டிட்டு மற்ற ஆக்கள் வெளியில நில்லுங்கோ."

சரீப்பை வெளியே விட்டுக் கதவைச் சாத்தினார்கள். சாட்சி என்று கீர்த்தனியைக் கடைசிக் கதிரையில் இருக்கச் சொன்னார்கள்.

மாஸ்டர் கைத்தொலைபேசியில் ஒரு படத்தை ஓடவிட்டு இராகுலனின் பக்கம் திருப்பினார். எதிரணிக்காரர் ஆரோ எடுத்தது. மாலை வெயிலில் அவன் முழங்கால் தொடக்கம் கீழே மினுங்கியது. அந்த மினுக்கத்தை அவனே இப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தான். தன் கால்தானோ என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது.

"இது எண்ணெய்தானே, தம்பி?" மாஸ்டரின் குரல் மெதுவாக இருந்தது.

"ஓம், சேர்."

"உடம்பில எண்ணெய் இருக்கக் கூடாது எண்டு விதி இருக்கிறது தெரியும்தானே?"

"தெரியும், சேர். ஆனா இது விளையாட்டுக்குப் பூசினதில்லை. காலமை வேலைக்குப் பூசினது. கழுவினனான். சரியாப் போகேல்லை."

"என்ன வேலைக்கு எண்ணெய் பூசுறது?"

இராகுலன் வாயைத் திறந்தான். முதலாளி அவனைப் பார்க்கவேயில்லை; போத்தலின் மூடியைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டிலுக்குள் நிற்கிறவர்களின் முகங்கள் ஒவ்வொன்றாக இராகுலனுக்குத் தோன்றின. போன மழைக்காலம் வேலைக்கு வந்த சல்லிப் பெடியன், மூன்று பெண்பிள்ளைகளை வைத்திருக்கும் தம்பிராசா அண்ணன், நோன்பு பிடித்துக்கொண்டே ரெசின் வாளி தூக்கும் றுவைஸ். இருமினான். இருமி முடித்து, வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"பதில் இல்லை எண்டு எழுதுங்கோ," என்றார் மத்தியஸ்தர்.

மாஸ்டர் பேனாவை எடுத்து, கொஞ்சம் தயங்கி, எழுதினார். பிறகு கீர்த்தனியைப் பார்த்தார். "தங்கச்சி, நீங்கள்தான் மனிசியோ? ஒரு கேள்விதான். அண்டைக்கு இவருக்கு எண்ணெய் பூசிவிட்டது ஆர்?"

கீர்த்தனி எழும்பினாள். "நான்தான், சேர். ஒவ்வொரு நாளும் நான்தான் பூசிவிடுறனான். ஏனெண்டா…"

"அது காணும்," என்றார் முதலாளி. "பூசினது எண்டு அவவே சொல்லிப்போட்டா. இரு பிள்ளை."

அவள் உட்காரவில்லை. பிளாஸ்ரிக் பையின் முறுக்கை அவிழ்த்துக்கொண்டு மேசைக்கு வந்தாள். உள்ளேயிருந்து எடுத்தது இராகுலனின் வேலைச் சட்டை. தோய்த்து, காயவைத்து, மடித்திருந்தது. அதைப் போத்தலுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் விரல்களின் நுனிகள் சிவந்து, தோல் வெடித்துக் கிடந்தன.

"இதைத் தோய்ச்சாச்சு, சேர். சுத்தம். ஒருக்காத் தொட்டுப் பாருங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

"என்ன இது நாடகம்?" என்றார் மத்தியஸ்தர். சொன்னாலும் சட்டையின் கையைப் பிடித்து ஒருமுறை கசக்கிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினார். மாஸ்டரும் தொட்டார். மடிப்பை விரித்து, கழுத்துப் பக்கத்தைத் தடவி, திரும்ப மடித்தார்.

"சாதாரண சட்டைதானே, தங்கச்சி."

கீர்த்தனி சட்டையை நடுவிலிருந்தவரின் பக்கம் நகர்த்தினாள். "ஐயா?"

முதலாளியின் கை மேசையிலிருந்து சட்டென்று மடிக்குப் போனது. சூட்டைத் தொட்ட குழந்தையின் கைபோல். அடுத்த கணம் அவர் பேனாவை எடுத்து, அதன் முனையால் சட்டையை மேசை விளிம்புக்குத் தள்ளினார்.

மாஸ்டர் அதைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மணிக்கட்டின் உட்பக்கத்தை மெதுவாகச் சொறியத் தொடங்கினார். மத்தியஸ்தர் விரல்களை வேட்டியில் துடைத்தார். துடைக்கத் துடைக்க அரிப்பு பரவிற்று. மேலே மின்விசிறி ஒரு பக்கம் சாய்ந்தபடி டக் டக்கென்று சுற்றியது.

"கடிக்குதோ, சேர்?" கீர்த்தனி மரியாதையாகத்தான் கேட்டாள். "எங்கட பிள்ளைக்கும் அப்பிடித்தான்."

மாஸ்டர் தலைவரின் பக்கம் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். 'இன்னொரு நாளைக்கு' என்ற சொல் மட்டும் கேட்டது. முதலாளி மறுத்துத் தலையை அசைத்தார். அசைத்தது ஒரே ஒரு தடவை. பிறகு தன் முன்னாலிருந்த கோவையைத் திறந்து ஒரு தாளை எடுத்து மாஸ்டரின் முன்னால் வைத்தார். தாள் ஏற்கெனவே தட்டச்சுச் செய்யப்பட்டிருந்தது. கையெழுத்துக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

மாஸ்டர் எழும்பி நின்று வாசித்தார். குற்றம் வீரராலேயே ஒப்புக்கொள்ளப்பட்டது. சாட்சியத்தாலும் உறுதிப்பட்டது. அரையிறுதி வெற்றி எதிரணிக்கு வழங்கப்படுகிறது. வீரருக்கு இரண்டு பருவங்கள் தடை. வாசித்து முடிக்கும் வரைக்கும் அவர் இடக்கை வலது மணிக்கட்டைச் சொறிந்தபடியே இருந்தது. அங்கே தோல் சிவந்து தடித்திருந்தது. இரண்டு பருவம் என்ற இடத்தில் அவர் குரல் இறங்கி, திரும்ப ஏறியது. ஒரு பருவம் என்று வானுக்குப் பக்கத்தில் சொன்னது இரண்டாகியிருந்தது. கீர்த்தனி சட்டையை எடுத்ததால் முதலாளி கோவையிலிருந்து வேறு தாளை எடுத்தாரா, அல்லது தட்டச்சில் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்ததா என்று இராகுலனுக்கு விளங்கவில்லை. தாளில் திருத்தம் எதுவும் தெரியவில்லை.

மூவரும் கையெழுத்து வைத்தார்கள்.

"விதிப்படி கேக்க வேணும்," என்றார் முதலாளி, கோவையை மூடிக்கொண்டே. "வீரர் ஏதும் சொல்ல விரும்புறாரோ? இல்லையெண்டா முடிப்பம். இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமை, எல்லாருக்கும் வேலை கிடக்கு."

அவர் பார்வை முதன்முறையாக நேரே இராகுலனின் மேல் நின்றது. நாளைக்கு வேலைக்கு வருவாய்தானே என்று கேட்கும் பார்வை. கதவுக்கு வெளியே சரீப் நடக்கும் சத்தம் நின்றிருந்தது.

கீர்த்தனி மேசை விளிம்பிலிருந்த சட்டையை எடுத்து மடித்தாள். இரண்டு கைகளையும் மடிப்புகளுக்குள் விட்டு, ஒவ்வொரு நாளும் தோய்க்கும் ஆளின் பழக்கத்தில், வலிக்காததுபோல் அழுத்தி மடித்தாள். அவனைப் பார்க்கவில்லை. கேளுங்கோ என்று சொல்லவுமில்லை. அதைச் சொல்வதை அவள் விட்டு எவ்வளவோ காலமாகிவிட்டது.

இராகுலன் கதிரையை விட்டு எழும்பி மேசையடிக்கு வந்தான். ஒவ்வொரு நாளும் கொட்டிலுக்குள் கேட்கும் அதே கும்பிடும் குரல்தான் தொண்டையிலிருந்து வரும் என்று பயந்தான். எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஒரு பக்கம் வைத்தான். அந்த இடத்தில் தன் இரண்டு கைகளையும், உள்ளங்கை மேலே பார்க்க, முதலாளிக்கு முன்னால் விரித்து வைத்தான். விரல்களின் ஓரங்கள் முழுவதும் சின்னச் சின்னச் சிவந்த புள்ளிகள்.

"முதலாளி," என்றான், "எங்களுக்குக் கையுறை வாங்கித் தாங்கோ. எனக்கு மட்டுமில்லை, கொட்டிலுக்குள்ள நிக்கிற எல்லாருக்கும்."